வட்டரங்கும் இடையிசையும்

நற்றிணையின் 95 ஆம் பாடல் கோட்டம்பலவனார் பாடியது. தன் நெஞ்சம் ஒரு சிற்றூர்க் கொடிச்சியின் கையில் சிக்கிக் கிடப்பதைப் பாங்கனுக்கு உரைக்க வந்த தலைவன், அவ்வூரை அடையாளம் காட்டுவதற்கு ஒரு கழைக்கூத்துக் காட்சியைத் துணைக்கு அழைக்கிறான். குழலும் பிற வாத்தியங்களும் முழங்க, முறுக்கிய கயிற்றின்மேல் ஆடுமகள் ஒருத்தி நடந்து முடித்திருக்கிறாள். அவள் நடந்த அதே கயிற்றில் இப்போது குரங்குக் குட்டி ஒன்று தொங்கி ஊசலாடுகிறது. அதைக் கண்ட குறவர் சிறுவர்கள் பாறைமீது ஏறி, துள்ளித் துள்ளித் தாளமிடுகிறார்கள். குறுந்தொகையின் 7 ஆம் பாடலில் பெரும்பதுமனாரும் வாகையின் முற்றிய நெற்றுகள் காற்றில் எழுப்பும் ஓசைக்குக் கயிற்றின்மீது ஆடுவோரின் பறையொலியை உவமையாக்குகிறார்.

உடலைப் பணயம் வைத்து ஆடும் கலையோடு தாளமும் உடன்பிறந்தது என்பதற்கு இவ்விரு பாடல்களும் சான்று. நற்றிணைக் காட்சியில் மேலும் ஒரு நுட்பம் அமைந்துள்ளது. அச்சமூட்டும் ஆட்டம் முடிந்த இடத்தில் அதன் போலி ஒன்று தோன்றுகிறது, சிரிப்பு பிறக்கிறது, அச்சிரிப்புக்கும் தனியே ஒரு தாளம் கொட்டப்படுகிறது. மலைச்சாரலில் தற்செயலாக நிகழ்ந்த இதனையே, பல நூற்றாண்டுகள் கழித்து, இப்பாடலை அறியாத ஐரோப்பியர்கள் ஒரு தொழிலாக வகுத்துக்கொண்டார்கள். அத்தொழிலின் பெயர் சர்க்கஸ். அதன் வரலாற்றை எழுதுவோர் குதிரைகளையும் புலிகளையும் பார் விளையாட்டு வீரர்களையும் விரிவாகப் பேசுவர். ஒரு நிகழ்ச்சிக்கும் மறு நிகழ்ச்சிக்கும் இடையே ஒலித்த இசைக்கு அந்நூல்களில் கிடைப்பது பெரும்பாலும் ஓரிரு வரிகளே. அவ்விடையிசையின் வரலாறு தனித்து நோக்கத்தக்கது.

வட்டத்தின் பிறப்பு

குதிரைப்படையில் பணியாற்றி விலகிய பிலிப் ஆஸ்ட்லி என்பவர் 1768 இல் இலண்டனில், வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை அடுத்த திறந்த வெளியில் குதிரையேற்ற வித்தைகளைக் காட்டத் தொடங்கினார். நேர்க்கோட்டில் ஓடும் குதிரையின் முதுகில் நிற்பதைவிட வட்டத்தில் ஓடும் குதிரையின் முதுகில் நிற்பது எளிது. உட்புறம் சாய்ந்து ஓடும் குதிரையின் வேகமே வீரனுக்குச் சமநிலையைத் தருகிறது. அவ்வட்டத்தின் விட்டம் பின்னர் 42 அடி என நிலைபெற்றது. உலகின் பெரும்பாலான சர்க்கஸ் வட்டங்களுக்கு இன்றளவும் அதுவே அளவு. அந்நாளில் ஆஸ்ட்லியின் மனைவி பெரிய முரசொன்றைக் கொட்டிக் கூட்டத்தை ஈர்த்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

குதிரைக்கு மூச்சு வாங்கும். வீரனுக்கும் வாங்கும். வட்டம் வெறுமையாகும் அச்சில நிமிடங்களில் கூட்டம் கலைந்துவிடும் என்பதை ஆஸ்ட்லி விரைவிலேயே உணர்ந்தார். குதிரையேறத் தெரியாத தையற்காரன் ஒருவன் பயணம் புறப்பட்டுப் படும் பாட்டை நகைச்சுவையாக்கினார். கயிற்றில் நடப்போர், குட்டிக்கரணம் அடிப்போர், பந்துகளை வீசிப் பிடிப்போர் ஆகியோரைக் கூலிக்கு அமர்த்தினார். குதிரை வித்தை மட்டும் நடந்தவரை அது குதிரை வித்தையாகவே இருந்தது. இடைவெளியை நிரப்ப வந்தவர்கள் சேர்ந்த பிறகே அது சர்க்கஸ் ஆயிற்று. இக்கலையின் பிறப்பிடம் இடைவெளி என்று கூறுவது மிகையாகாது.

1782 இல் சார்லஸ் ஹியூஸ் என்னும் குதிரை வீரரும் சார்லஸ் டிப்டின் என்னும் இசையமைப்பாளரும் கூட்டாக இலண்டனில் 'ராயல் சர்க்கஸ்' என்னும் அரங்கை நிறுவினர். இக்கலைக்குச் சர்க்கஸ் என்னும் பெயர் அமைந்தது அவ்வரங்கினால்தான். பெயர் சூட்டியவர்களுள் ஒருவர் இசைவாணர் என்பது குறிப்பிடத்தக்கது. அக்காலத்து இங்கிலாந்தின் சட்டமும் இசைக்குத் துணைநின்றது. 1737 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக, உரையாடல் நாடகங்களை நடத்தும் உரிமை இலண்டனில் அரச உரிமம் பெற்ற அரங்குகளுக்கே உரியதாயிற்று. ஏனைய அரங்குகள் பாடலையும் இசையையும் ஊமை நடிப்பையும் கொண்டே கதை சொல்ல வேண்டியிருந்தது. 1843 இல் புதிய சட்டம் வரும்வரை இந்நிலை நீடித்தது. பேச்சுக்கு விலங்கிட்டவர்கள் தம்மை அறியாமலேயே இசையை வளர்த்தார்கள்.

அடியைப் பின்பற்றிய இசை

இசைக்கேற்பக் குதிரை ஆடுகிறது என்பது காண்போரின் நம்பிக்கை. வாத்தியக் குழுவினர் அறிந்த உண்மை வேறு. குதிரை தன் போக்கில் அடியெடுத்து வைக்கிறது. குழுவின் தலைவர் அக்குளம்பின்மீது கண்வைத்துத் தாளத்தை முடுக்கியும் தளர்த்தியும் அதனோடு பொருத்துகிறார். குதிரை பாய்ச்சலிலிருந்து நடைக்கு மாறும் நொடியில் இசையும் மாறிவிடுவதால் இசையே அதனை மாற்றியது போன்ற மயக்கம் உண்டாகிறது.

காலப்போக்கில் ஒவ்வொரு வித்தைக்கும் உரிய இசைவகை வகுக்கப்பட்டது. அனைவரும் அணிவகுத்து நுழையும்போது மார்ச். குதிரை பாயும்போது விரைந்த ஈரடித் தாளமுடைய காலப். பார் விளையாட்டின்போது மூன்றடித் தாளமுடைய வால்ட்ஸ். ஜூல் லெயோட்டார் என்னும் இளைஞர் 1859 நவம்பர் 12 அன்று பாரிஸ் நகரில் ஒரு பாரிலிருந்து மற்றொரு பாருக்குப் பறந்து காட்டிய நாள்முதல் பரவிய வித்தை அது. ஊசல் சென்று, நின்று, திரும்பும் அசைவோடு மூன்றடித் தாளம் இயல்பாகவே இசைந்தது. திணைக்கு உரிய யாழும் பறையும் பண்ணும் உண்டெனக் கொண்ட தமிழ் மரபுக்கு இப்பாகுபாடு அயலாகத் தோன்றாது.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், பல்லாயிரவர் கூடிய கூடாரத்தில், கடைசி வரிசை வரை எட்டக்கூடியவை பித்தளைக் குழல்களும் முரசுமே. எனவே வயலினுக்கு அங்கு இடமில்லாது போயிற்று. டிரம்பெட், கார்னெட், டிராம்போன், கிளாரினெட், பெருமுரசு, பக்கமுரசு, கைத்தாளம் ஆகியவற்றாலான பேண்டு குழு சர்க்கஸின் குரலாயிற்று.

அக்குரலில் உலகம் மிகுதியாகக் கேட்ட மெட்டொன்றின் கதை சுவையானது. செக் நாட்டவரான ஜூலியஸ் பூச்சிக், ஆஸ்திரிய–ஹங்கேரியப் படையின் பேண்டு மாஸ்டராகப் பணியாற்றிய 1897 இல் ஒரு மார்ச் இயற்றினார். பண்டைய ரோமாபுரியில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், அரங்கில் மடியப்போகும் வாள்வீரர்கள் நுழைவதை மனத்திற்கொண்டு 'கிளாடியேட்டர்களின் நுழைவு' என்று அதற்குப் பெயரிட்டார். கனடா நாட்டு இசையமைப்பாளர் லூயி பிலிப் லொராந்தோ 1901 இல் அதனைச் சிறு பேண்டு குழுவுக்கு ஏற்ப மாற்றி 'இடியும் தழலும்' என்னும் பொருள்படும் புதுப்பெயரில் வெளியிட்டார். சர்க்கஸ் குழுக்கள் அதனை எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டி வாசித்தன. சாகப்போகும் வீரனுக்காக எழுதப்பட்ட மெட்டு, செம்மூக்குக் கோமாளி தடுக்கி விழும் மெட்டாக மாறிற்று. சுரங்கள் மாறவில்லை; வேகம் மாறியது; பொருள் தலைகீழாயிற்று. சந்தத்தின் ஆற்றலை அறிந்த கவிஞர்கள் இதில் வியப்படையமாட்டார்கள்.

கோமாளியின் நிமிடங்கள்

புலி வித்தை முடிந்ததும் வட்டத்தைச் சுற்றியுள்ள இரும்புக் கூண்டைப் பிரித்தெடுக்க வேண்டும். அதன்பின் பார் விளையாட்டுக்கு வலை கட்ட வேண்டும். பல தொழிலாளர்கள் ஓடியாடிச் செய்யும் அவ்வேலையின்மீது பார்வையாளரின் கண் விழலாகாது. அப்போதுதான் கோமாளி வருகிறான். ஐரோப்பிய ஒற்றை வட்டச் சர்க்கஸ்களில் இடைவேளையையே கூண்டு வித்தைக்கு முன்னோ பின்னோ அமைத்து, மக்கள் தின்பண்டம் வாங்கச் சென்ற நேரத்தில் கூண்டைக் கட்டியும் பிரித்தும் முடிப்பது வழக்கமாயிற்று. அமெரிக்காவில் காட்சிக்கு முன்னர் நடு வட்டத்தில் பேண்டு கச்சேரி நடந்தது. காட்சி முடிந்த பின்னரும் இருக்க விரும்புவோருக்குத் தனிச்சீட்டில் ஓர் இசை நிகழ்ச்சி உண்டு.

தொடக்கத்தில் கோமாளி பேசினான், பாடினான். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்ற டான் ரைஸ், நாட்டு நடப்பைப் பற்றி வட்டத்தில் நின்று கேலி பேசியும் பாடியும் மக்களைக் கவர்ந்தார். அத்தகைய கோமாளிகளின் பாடல்கள் சிறு பிரசுரங்களாக அச்சிடப்பட்டு விற்கப்பட்டன. நம் நாட்டுச் சந்தைகளில் குஜிலிப் பிரசுரங்கள் விற்ற காலமும் ஏறக்குறைய அதுவே.

பின்னர்க் கூடாரங்கள் பெருத்தன. 1881 இல் பார்னம் குழுவினர் ஒரே கூடாரத்தில் மூன்று வட்டங்களை அமைத்தனர். தனி மனிதனின் குரல் அப்பரப்பில் எட்டவில்லை. கோமாளி ஊமையானான். அவனுக்குப் பதிலாக டிராம்போன் பேசிற்று. அவன் வழுக்கும்போது அதன் நாதம் வழுக்கியது. அவன் விழும்போது பெருமுரசு விழுந்தது. அவன் தலையில் அடிபடும்போது கைத்தாளம் அலறியது. ஹென்றி ஃபில்மோர் என்னும் அமெரிக்கர் இத்தகைய டிராம்போன் மெட்டுகளை இயற்றிப் புகழ்பெற்றார். 1913 இல் பார்னம் அண்டு பெய்லி பேண்டு குழுவில் வாசித்த இளைஞர் கார்ல் கிங், அக்குழுவின் நுழைவுக்கென இயற்றிய மார்ச் இன்றும் உலகெங்கும் பேண்டு குழுக்களால் வாசிக்கப்படுகிறது.

இடைநிரப்பியாக வந்தவனே காட்சியின் நாயகனானதும் உண்டு. குரோக் என்னும் பெயரில் புகழ்பெற்ற சுவிட்சர்லாந்துக் கோமாளி அட்ரியன் வெட்டாக் (1880–1959) பல வாத்தியங்களில் தேர்ந்தவர். பெரிய பியானோவின் முன் அமர வருவார். இருக்கை எட்டத்தில் கிடக்கும். இருக்கையை அருகே இழுப்பதற்குப் பதிலாக, மூச்சிரைக்கப் பியானோவை இருக்கையை நோக்கித் தள்ளுவார். பார்த்தோர் விழுந்து விழுந்து சிரித்தனர். அதன்பின் அவர் வாசிக்கத் தொடங்கினால் அதே கூட்டம் அடங்கி அமர்ந்து கேட்டது. 1954 இல் அவர் அரங்கிலிருந்து விடைபெற்றார்.

அமெரிக்கக் கோமாளி எம்மெட் கெல்லியின் (1898–1979) புகழ்பெற்ற அங்கம் ஒன்று இதற்கு நேர்மாறாகப் பேரமைதியில் நிகழ்வது. கந்தல் உடையும் சோர்ந்த முகமுமாய் அவர் துடைப்பத்தோடு வருவார். தரையில் விழும் வட்ட விளக்கொளியைப் பெருக்கித் தள்ள முயல்வார். ஒளி சிறுகச் சிறுகச் சுருங்கும். முடிவில் அதனைக் கூட்டி மறைத்துவிடுவார். ஒரு சொல்லும் இல்லாத கவிதை அது.

அமைதியும் சர்க்கஸ் இசையின் ஓர் உறுப்பே. உயிருக்கு உலை வைக்கும் பாய்ச்சலுக்கு முன்னர் பேண்டு சட்டென்று நின்றுவிடும். பக்கமுரசு மட்டும் மெல்லென உருளும். பின்னர் அதுவும் நிற்கலாம். வீரன் மறுபக்கம் சேர்ந்ததும் கைத்தாளம் மோதும். குழு முழுவதும் வெடித்தெழும். அவ்வோசையைக் கேட்ட பிறகே கூட்டம் தன் மூச்சை விடும்.

மற்றொரு கூடாரத்து இசை

இவ்வரலாற்றின் ஒரு பக்கம் கசப்பானது. அமெரிக்கச் சர்க்கஸின் பெருங்கூடாரத்துப் பேண்டு குழு வெள்ளையர்க்கே உரியதாக இருந்தது. கறுப்பின இசைவாணர்கள் எத்துணைத் தேர்ச்சி பெற்றிருப்பினும் அவர்களுக்குக் கிடைத்தது வெளியே அமைந்த பக்கக் கூடாரமே. பெருங்காட்சிக்கு முன்னும் பின்னும் மக்கள் உலவும் வேளையில் அவர்கள் வாசிக்க வேண்டும். இடைவேளையின் இசை என்று ஒதுக்கப்பட்டதே அவர்களின் இசை.

பி. ஜி. லோவரி என்னும் கார்னெட் மேதை 1899 இல் ஒரு பெரிய சர்க்கஸின் பக்கக் கூடாரத்தில் கறுப்பினத்தவர் குழுவைத் தலைமையேற்று நடத்தினார். 1942 இல் மறையும்வரை ஏறத்தாழ அவருடைய வாழ்வு முழுவதும் இத்தகைய குழுக்களோடு கழிந்தது. பெருங்கூடாரத்தில் மார்ச்சும் வால்ட்சும் முழங்கியபோது, பக்கக் கூடாரத்தில் ராக்டைம் பிறந்த சூட்டோடு ஒலித்தது. பின்னர் ப்ளூஸ், ஜாஸ் ஆகியவற்றின் தொடக்க நாதங்களும் ஒலித்தன. இரயில் நின்ற சிற்றூர்களில் வாழ்ந்த பலர், வானொலி வருவதற்கு முன்பு, அப்புதிய இசையைக் கேட்டது அங்கேதான். 20 ஆம் நூற்றாண்டு தன் இசையாக ஏற்றுக்கொண்டது பக்கக் கூடாரத்தின் இசையையே.

ஹார்ட்ஃபோர்டில் ஒரு பிற்பகல்

மெர்ல் எவன்ஸ் என்னும் பேண்டு மாஸ்டர் 1919 முதல் 1969 வரை ரிங்லிங் சகோதரர்கள் – பார்னம் அண்டு பெய்லி சர்க்கஸின் இசைக்குத் தலைமை தாங்கினார். வலக்கையில் கார்னெட்டைப் பிடித்து ஊதிக்கொண்டே இடக்கையால் தாளம் காட்டுவார். இசைக் குறிப்பைக் காட்டிலும் வட்டத்தின்மீதே அவருடைய கண் மிகுதியாக இருந்தது. 1942 இல் பெரும் இசை மேதை ஸ்ட்ராவின்ஸ்கி அச்சர்க்கஸின் யானைகளுக்காக ஒரு போல்கா எழுதித் தந்தார். 50 யானைகளும் 50 நடன மங்கையரும் நியூயார்க் நகரில் அதற்கு ஆடினர். அதே ஆண்டில் ஊதியப் பிணக்கினால் இசைவாணர்கள் வேலைநிறுத்தம் செய்ய, நிர்வாகம் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டுக் காட்சியைத் தொடர்ந்தது. பேண்டு குழு இல்லாமலும் சர்க்கஸ் நடக்கும் என்ற எண்ணம் அன்று ஒருமுறை சோதித்துப் பார்க்கப்பட்டது.

ஈராண்டுகள் கழிந்தன. 1944 ஜூலை 6 ஆம் நாள் பிற்பகல், கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் ஏறத்தாழ 7,000 பேர் கூடாரத்தில் அமர்ந்திருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். உலகப்போர்க் காலமாதலால் ஆடவர் பலர் களத்தில் இருந்தனர். கூண்டு விலங்குகளின் வித்தை அப்போதுதான் முடிந்திருந்தது. கயிற்று நடையில் உலகப்புகழ் பெற்ற வாலெண்டா குடும்பத்தினர் உயரே ஏறியிருந்தனர். ஒரு நிகழ்ச்சி முடிந்து மற்றொன்று தொடங்கும் இடைவெளி. கூடாரத்தின் ஓரச் சுவரில் சிறு தீ தோன்றியதை எவன்ஸ் கண்டார்.

சர்க்கஸ் குழுக்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. ஜான் பிலிப் சூசா 1896 இல் இயற்றிய 'ஸ்டார்ஸ் அண்டு ஸ்டிரைப்ஸ் ஃபாரெவர்' என்னும் மார்ச்சைக் காட்சியின் நடுவே வாசிக்க மாட்டார்கள். பேரிடர் நேர்ந்தால் மட்டுமே அது ஒலிக்கும். பொதுமக்களுக்கு அது எழுச்சியூட்டும் நாட்டுப்பற்றுப் பாடல். சர்க்கஸ் தொழிலாளர்களுக்கோ அபாயச் சங்கு. கூட்டம் கலவரமடையுமுன் ஒவ்வொரு தொழிலாளியும் தன் இடத்துக்கு ஓடிக் கடமையைச் செய்ய வேண்டும் என்பது அதன் பொருள். எவன்ஸ் அதனை வாசிக்கச் செய்தார்.

கூடாரத் துணி மழைநீர் புகாதிருப்பதற்காகப் பெட்ரோலில் கரைத்த பாரஃபின் மெழுகு பூசப்பட்டது. அது சில நிமிடங்களில் முழுவதுமாக எரிந்து வீழ்ந்தது. விலங்குகளைக் கொண்டுசெல்லும் இரும்பு வழிகள் வெளியேறும் பாதைகளை மறித்துக் கிடந்தமையால் அவ்விடங்களில் பலர் சிக்கிக்கொண்டனர். ஏறத்தாழ 167 பேர் மாண்டனர். வெப்பம் தாங்கமுடியாத நிலை வரும்வரை பேண்டு குழு வாசித்துக்கொண்டே இருந்தது. ஒளியைப் பெருக்கிச் சிரிக்கவைத்த கெல்லி, கோமாளி வேடத்தோடு தண்ணீர் வாளியைச் சுமந்து விரையும் புகைப்படம் அந்நாளின் அழியாச் சான்றாக நிற்கிறது.

அம்மார்ச் எத்தனை உயிர்களைக் காத்தது என்று கணக்கிட இயலாது. ஆனால் நெருப்பைக் கண்டு மெட்டை மாற்றியது ஒரு மனிதனின் கண். ஈராண்டுகளுக்கு முன்பு சுழன்ற இசைத்தட்டுக்கு அக்கண் இல்லை.

இந்தியக் கூடாரத்தில்

சியாரினி என்னும் இத்தாலியரின் குழு இந்தியாவுக்கு வந்ததன் தூண்டுதலால் விஷ்ணுபந்த் சத்ரே 'கிரேட் இந்தியன் சர்க்கஸ்' என்னும் குழுவை அமைத்து 1880 மார்ச் 20 அன்று பம்பாயில் முதற்காட்சி நடத்தினார். தலைச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901 இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, இந்தியச் சர்க்கஸின் தாய்வீடாக அவ்வூரை ஆக்கிற்று. ஐரோப்பிய வித்தைகளோடு பேண்டு வாத்தியமும் இந்நாட்டுக் கூடாரங்களுக்குள் நுழைந்தது. மார்ச் மெட்டுகளோடு திரைப்பாடல் மெட்டுகளையும் இந்தியக் குழுக்கள் தமதாக்கிக்கொண்டன. தமிழகத்து ஊர்களில் கூடாரம் எழுந்த நாள்களில் மாலை வேளைப் பேண்டு முழக்கமே பலருக்கு முதல் அழைப்பு.

பின்னர் ஒலிநாடா வந்தது, ஒலிபெருக்கி வந்தது. கூலியும் சாப்பாடும் தந்து ஒரு குழுவைக் காப்பதைவிட ஓர் இயந்திரத்தை வாங்குவது மலிவாயிற்று. 1998 ஆம் ஆண்டு அறிவிக்கையினாலும் அதனை உறுதிசெய்த 2001 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பினாலும் புலி, சிங்கம், கரடி, குரங்கு ஆகியவை வட்டத்தைவிட்டு வெளியேறின. அது அவ்விலங்குகளுக்குக் கிடைத்த நீதி. பேண்டு வாத்தியக்காரர் வெளியேறியதற்கோ தீர்ப்பும் இல்லை, அறிவிக்கையும் இல்லை. ஒரு பருவத்தில் பத்துப் பேர் இருந்த மேடையில் அடுத்த பருவத்தில் நால்வர் இருந்தனர். அதற்கடுத்த பருவத்தில் ஒரு பெட்டி இருந்தது. எவரும் வருந்தியதாகச் செய்தி வரவில்லை.

இயந்திரத்தின் இசை பழுதற்றது. ஆனால் பார் வீராங்கனை ஒரு நொடி தயங்கினால் அது தயங்காது. அவள் பிடி தவறி வலையில் விழுந்தாலும் வெற்றி முழக்கம் குறித்த நேரத்தில் எழும். பேண்டு மாஸ்டர் அவளோடு சேர்ந்து தயங்கியவர். அவள் மீண்டும் ஏறும்வரை அதே நான்கு அடிகளைத் திரும்பத் திரும்ப வாசித்து, தவற்றையும் ஆட்டத்தின் பகுதியாக்கிக் காத்தவர். சொல்லை அளந்து அடுக்குவதோடு தம் பணி முடிந்ததென எண்ணாமல், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் நிற்கும் மனிதனைப் பார்த்திருக்க வேண்டிய கவிஞனுக்கும் அவருக்கும் அதிக வேறுபாடு இல்லை.

கோட்டம்பலவனாரின் பாறைமேல் ஏறிய சிறுவர்களுக்கு எவரும் கூலி தரவில்லை. ஆடுமகளின் இசை ஓய்ந்திருக்கிறது. குரங்குக் குட்டி கயிற்றில் ஆடுகிறது. அவர்கள் அதைப் பார்த்தபடி கைகொட்டுகிறார்கள். அக்குட்டி எப்போது நிற்கிறதோ அப்போது அவர்களின் தாளமும் நிற்கும்.